பத்து மணி ஹாரன்: களியக்காவிளைப் பக்கம் தனித்துப்போன ஒரு பூனை

மாளு நாட்டுப்பூனை. மூன்று நிறம், பெண், வயது ஆறு இருக்கும், கருத்தடை அறுவை முன்பே ஆனது. களியக்காவிளைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீட்டில் வளர்கிறது. இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, கொட்டிக்கொண்டிருந்த வாரத்தில், பிளாஸ்டிக் மீன்கூடையில் வைத்து மேலே துண்டு கட்டிக் கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவந்தார்கள். புகார் மூன்று. கட்டில் மேல் மூத்திரம் போகிறது. அடிவயிற்றிலும் பின்தொடையின் உட்புறத்திலும் முடி போய்விட்டது. அந்தி சாய்ந்தால் வீடு முழுக்க அலைந்து ஓலமிடுகிறது.

"சாரே, இதுக்கு வேற சுகக்கேடு ஒண்ணும் இல்ல. அம்மச்சிய தேடுது" என்றார் வீட்டுக்காரரின் மனைவி.

அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத்தான் எழுத வருகிறேன். குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீட்டில் என்ன மாறியது

கணவர் பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர். மனைவி நெய்யாற்றின்கரையில் நர்ஸ். காலை ஏழு மணிக்குள் இருவரும் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி ஏழாகிவிடும். பகல் முழுக்க மாளுவுக்கு அம்மச்சிதான், அதாவது கணவரின் அம்மா. சித்திரையில் மகளின் பேறுகாலத்துக்காக அம்மச்சி மஸ்கட் போனார். அதன்பின் தெருநாய்க்குப் பயந்து, மாளுவை உள்ளே விட்டு முன்கதவையும் பின்கதவையும் பூட்டிவிட்டுப் போகத் தொடங்கினார்கள். தண்ணீர், ஒரு கிண்ணம் உலர்தீவனம், வாஷிங் மெஷின் பக்கத்தில் மணல் போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஏற்பாடு அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மாளுவின் பகல் எப்படிப் போகும் என்று கேட்டேன். இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை, அவர்கள்தான் பகலில் வீட்டில் இருந்ததே இல்லையே. அங்கேயே உட்கார்ந்து மஸ்கட்டுக்குப் போன் போடச் சொன்னேன். இந்த வழக்கில் எனக்குக் கிடைத்த மிக நல்ல வரலாறு அந்த அழைப்பில்தான் கிடைத்தது.

அம்மச்சி மணிக்கணக்காகப் பிரித்துச் சொன்னார். பத்து மணி வாக்கில் மீன்காரர் டிவிஎஸ்ஸில் வந்து ஹாரன் அடிப்பார். "நான் எந்திரிக்கதுக்கு முந்தி அது பின்வாசல்ல போய் நிக்கும் மக்களே." பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து சாளையோ நெத்தோலியோ அறுப்பார். தலை ஒவ்வொன்றாக மாளுவுக்கு விழும். சில தலைகளை வேண்டுமென்றே தூர எறிவார், அது பாய்ந்து பிடிக்கும். அதன்பின் மரச்சீனித் (மரவள்ளி) தோட்டத்தில் போய் மண்ணைப் பறித்துக் காலைக்கடன். மத்தியானம் கட்டிலில் அம்மச்சி காலடியில் தூக்கம். சாயங்காலம் ஜெபத்துக்கு உட்காரும்போது நாற்காலிக்கு அடியில் இருக்கும்.

ஆக, வேட்டை, விளையாட்டு, கழிப்பிடம், வெயில், பேச்சுத்துணை எல்லாமே ஒரே ஆளின் பகலோடு கட்டப்பட்டிருந்தன. அந்த ஆள் விமானம் ஏறிய நாளில் எல்லாம் ஒன்றாக நின்றுபோயின.

முதலில் உடம்பு

பூனைக்கு மனக்கஷ்டம் என்று சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் உடம்பைத்தான் பார்ப்பேன், வீட்டைப் பற்றிய பேச்சு அப்புறம். ஓலமிடுகிற பூனை கருத்தடை ஆகாததாக இருந்தால் பருவத்துக்கு வந்திருக்கலாம். வயதானதாக இருந்தால் தைராய்டு மிகைப்பு, ரத்த அழுத்தம், காது கேளாமை என்று பட்டியல் நீளும். முடி நக்கி உதிர்வதும் அப்படித்தான். மனக்காரணத்தால் முடி நக்குவதாகக் கருதி அனுப்பப்பட்ட 21 பூனைகளை முழுசாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது. அதில் 16 பூனைகளுக்குத் தோல் ஒவ்வாமை போன்ற உடல் காரணம்தான் இருந்தது. மனக்காரணம் மட்டுமே என்று சொல்லத்தக்கவை வெறும் இரண்டு.

மாளுவின் எடை 3.8 கிலோ. காய்ச்சல் இல்லை, பல் சுமார். முடி போன இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது, புண்ணோ செதிலோ இல்லை. மீதமிருந்த முடியை உருப்பெருக்கியில் வைத்தபோது நுனிகள் ஒடிந்திருந்தன. தானாக உதிர்ந்த முடியென்றால் நுனி கூராக இருக்கும். இது நக்கி ஒடித்தது. சீப்பில் தெள்ளு சிக்கவில்லை. ஆனாலும் தெள்ளு மருந்து போட்டுத்தான் அனுப்பினேன், இந்த ஈரத்தில் நம்ப முடியாது. (நாய்க்கென்று வாங்கி வைத்த பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்கு விடவே கூடாது. வலிப்பு வந்து செத்துப்போகும்.)

அடிவயிற்றை அமுக்கியதும் கையைக் கடிக்க வந்தது. மூத்திரத்தில் ரத்த அணுக்கள் இருந்தன, கிருமி இல்லை. ஸ்கேனில் கல் இல்லை, பையின் சுவர் லேசாகத் தடித்திருந்தது. காரணம் தெளிவாகாத மூத்திரப்பை அழற்சி என்று இதைச் சொல்வோம். கிருமியால் வருவதில்லை. மன உளைச்சலுக்கு ஆளாகிற பூனைகளில் நரம்பு வழியாக மூத்திரப்பை எரிச்சல் கொள்ளும். எரிகிற இடத்துக்கு மேலே இருக்கிற தோலைப் பூனை நக்கிக்கொண்டே இருக்கும். மாளுவின் அடிவயிறு வழுக்கையானதற்கும் கட்டில் நனைந்ததற்கும் வேர் ஒன்றாக இருக்கலாம் என்று அப்போதே பட்டது.

ஆண்பூனையாக இருந்தால் இதே நோயில் மூத்திரக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். முக்கி முக்கி உட்கார்ந்து ஒன்றும் வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டு காரியங்களை உடனே நிறுத்தச் சொன்னேன். முடி போன இடத்தில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய படர்தாமரை ஆயின்மென்ட் தடவிக்கொண்டிருந்தார்கள். பூசியதெல்லாம் அது நக்கி வயிற்றுக்குள் போயிருக்கிறது. கட்டிலையும் தரையையும் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். பினாயிலில் உள்ள ஃபீனால் வகைகளைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. பாரசிட்டமால் பூனையைக் கொல்வதற்கும் அதே குறைபாடுதான் முக்கியக் காரணம்.

கேமரா காட்டியது

இந்த மாதிரி வீடுகளில் நான் கேட்கிற முதல் சாட்சி வீடியோ. கணவர் ஒரு சின்ன வைஃபை கேமராவை ஹாலில் மாட்டினார். பதிவுகளை வேகமாக ஓட்டிப் பார்த்தேன்.

காலையில் கதவு பூட்டும் சத்தம் கேட்டதும் மாளு கொஞ்ச நேரம் வாசற்படியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறது. ஓலம் இல்லை, கதவைப் பிறாண்டவும் இல்லை. ஆள் போன பிரிவுதான் பிரச்சினையென்றால் தொந்தரவு அந்த முதல் அரைமணி நேரத்திலேயே தெரிந்திருக்கும். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

பத்தே கால் வாக்கில் தெருவில் ஹாரன். தூங்கிக்கொண்டிருந்த பூனையின் காது முதலில் திரும்புகிறது, மறு நொடியே எழுந்து நேராகப் பின்கதவுக்கு ஓடுகிறது. உட்கார்கிறது. கூப்பிடுகிறது. கதவு இடுக்கில் முன்னங்காலை விடுகிறது. ஹாரன் அடுத்த வளைவில் தேய்ந்து போனபிறகும் அங்கேயே நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து முதுகுத்தோல் அலை அலையாகத் துடிக்க, உட்கார்ந்து வயிற்றை நக்கத் தொடங்குகிறது. பிறகு எழுந்து அம்மச்சியின் அறைக்குள் போகிறது. அந்த அறைக்குள் கேமரா இல்லை. ஆனால் கட்டில் நனைந்திருந்த நாட்களும் ஹாரன் கேட்ட நாட்களும் ஒத்துப்போயின. மீன்காரர் வராத ஞாயிற்றுக்கிழமை கட்டில் உலர்ந்தே இருந்தது. அன்று வீட்டில் ஆள் இருந்ததையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் கடலில் காற்று மோசமாகி மீன் வராத வார நாட்களிலும் கட்டில் நனையவில்லை. அதுதான் எனக்கு முடிவைச் சொல்லியது.

பூனை தனிமையில் வாடுமா என்ற கேள்விக்கு இப்போது நிறையப் பதில் இருக்கிறது. மனிதரோடு அதற்குப் பிணைப்பு உண்டு. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் குட்டிகளில் சுமார் 64 சதவீதம் தம்மை வளர்ப்பவரிடம் பாதுகாப்பான பிணைப்பைக் காட்டின. வளர்ந்த பூனைகளிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பிரிவுத் துயரத்தின் அடையாளங்களைக் காட்டிய 136 பூனைகளின் விவரங்கள் 2002-லேயே தொகுக்கப்பட்டன. கண்ட இடத்தில் மூத்திரம், ஓலம், பொருளைச் சேதப்படுத்துவது, நக்குவது எல்லாம் அதில் வருகின்றன. வளர்ப்பவரின் படுக்கையிலேயே மூத்திரம் போவது குறிப்பாக அதிகம். வஞ்சம் தீர்க்கிறது என்று சொல்வது நம் கற்பனை. ஆள் வாசனை அதிகம் உள்ள இடத்தில் தன் வாசனையைச் சேர்க்கிறது என்பதே பொருத்தமான விளக்கம்.

ஆனால் மாளு பொதுவாக "ஆள்" இல்லாததற்கு ஏங்கவில்லை. ஹாரன் அடித்ததும் நடக்க வேண்டியது நடக்காததுதான் அதை உடைத்தது. என் மருத்துவக் குறிப்பில் நான் எழுதிய நோயறிதல் இதுதான்: அன்றாட வழக்கம் முறிந்ததால் வந்த மன உளைச்சல், அதனால் மூத்திரப்பை அழற்சி.

துணைக்கு ஒரு குட்டி

என்னிடம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால், தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று ஒரு குட்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இரண்டரை மாதக் கடுவன், துறுதுறுப்பானது. நேராக மாளுவின் கிண்ணத்தில் வாய் வைத்தது, மாளுவின் மணல் தட்டில் போனது, மாளு தூங்கும்போது வாலைப் பிடித்தது. மாளு அலமாரிக்கு மேலே ஏறினது ஏறினதுதான். முடி உதிரத் தொடங்கியதும் அந்த வாரங்களில்தான்.

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பூனை தனியாக இருக்கிறது என்றால் இன்னொரு பூனையைக் கொண்டுவா என்பது எல்லோர் வாயிலும் வருகிற முதல் யோசனை, பல வீடுகளில் அதுவே வினை. வீட்டுப்பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனியே வேட்டையாடித் தனியே தின்கிற விலங்கு. எலி அளவு இரையைப் பங்குபோட முடியாது. மனிதனோடு சுமார் பத்தாயிரம் ஆண்டு வாழ்ந்ததில் கூட்டத்தைச் சகிக்கவும், பழகினால் ரசிக்கவும் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் யாரோடு என்பதை அதுவே முடிவு செய்யும். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளைச் சேர்த்து எடுங்கள் என்று நானே சொல்வேன். இளம் குட்டிக்கு இன்னொரு குட்டி நல்ல துணை. ஆறு வருஷம் வீட்டைத் தனியாக ஆண்ட பூனைக்கு அந்நியன் ஒருவனை நடு ஹாலில் இறக்கிவிடுவது வேறு விஷயம்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரேசிலில் 2020-ல் 223 பூனைகளைப் பற்றி எடுத்த கணக்கெடுப்பில், வேறு வளர்ப்பு விலங்கு இல்லாத வீடுகளில் பிரிவுத் தொந்தரவுகள் அதிகம் தென்பட்டன. விளையாட்டுப் பொருள் இல்லாத வீடுகளிலும் அதே கதை. இரண்டாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அதை மாலைக்குள் சரிசெய்துவிடலாம்.

குட்டியைத் தனி அறையில் பிரித்து, வாசனையை மட்டும் துணி வழியாக மாற்றிக்கொடுத்து, வாரக்கணக்கில் மெல்லச் சேர்க்கும் முறை இருக்கிறது. பகலில் யாருமே இல்லாத வீட்டில் அது நடக்காது. கணவரின் நண்பர் ஒருவர் குட்டியை எடுத்துக்கொண்டார். அதைப் பற்றி இனி ஒன்றுமில்லை.

செய்தது

வலிக்குச் சில நாள் மருந்து. தண்ணீர் அதிகம் உள்ளே போக வேண்டும் என்பதால் உலர்தீவனத்தைக் குறைத்து ஈரத்தீவனம். அதோடு உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த சாளைத் தண்ணீர். மீன்குழம்புச் சோறு வேண்டாம் என்றேன், வெங்காயம் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மன உளைச்சலுக்கான மாத்திரைகள் உண்டு. ஃபுளுவாக்சிடின் போன்றவற்றை நானும் எழுதுவது உண்டு. இங்கே எடுத்தவுடன் எழுதவில்லை. காரணம் இவ்வளவு தெளிவாகத் தெரியும்போது அதைச் சரிசெய்து பார்ப்பதுதான் முறை. இந்த மூத்திரப்பை நோய்க்கும் வீட்டுச் சூழலை மாற்றும் சிகிச்சை பலன் தந்தது 46 பூனைகளை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து 2006-ல் பதிவாகியிருக்கிறது.

ஆக, முக்கிய மருந்து பத்து மணிக்கு.

தானியங்கித் தீவனப் பெட்டி வாங்கலாமா என்று கணவர் கேட்டார். வாங்கலாம், ஆனால் மீன்காரர் பெட்டியின் நேரத்துக்கு வரமாட்டார். ஒன்பதே முக்காலுக்கு வருவார், பத்தரைக்கும் வருவார். மனைவிக்குத்தான் அந்த யோசனை வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்காவும் அதே மீன்காரரிடம்தான் வாங்குகிறார். அவரிடம் பின்கதவுச் சாவியைக் கொடுத்தார்கள். தன் மீனை அம்மச்சியின் கல்லில் உட்கார்ந்து அறுக்க வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. அக்கா சிரித்தாராம், ஆனால் ஒப்புக்கொண்டார். தலை இரண்டு மூன்று போதும் என்று சொல்லி அனுப்பினேன். பச்சை மீனையே முழு உணவாக்கினால் சில மீன்களில் உள்ள நொதி தயாமின் சத்தை அழிக்கும். இரண்டு தலையால் ஒன்றும் ஆகாது. மீன் அறுக்கிற அந்த நேரம் மாளு அவர் கண்பார்வையில் மரச்சீனித் தோட்டத்துக்கும் போய் வரும்.

மணல் தட்டை வாஷிங் மெஷின் பக்கத்திலிருந்து எடுத்து இரண்டாக்கி, ஒன்றைச் சத்தமில்லாத மூலையிலும் இன்னொன்றை அம்மச்சி அறை வாசலிலும் வைத்தோம். கடை மணலுக்குப் பதில் மரச்சீனித் தோட்டத்து மண்ணைக் காயவைத்துப் போடச் சொன்னேன். அயினி மரம் தெரிகிற ஜன்னல் உயரத்தில் ஒரு பலகை. அந்த மரத்தில் அணில் நடமாட்டம் குறைவே இல்லை, மாளுவுக்கு முழுநாள் காட்சி.

மீதித் தீவனத்தைக் கிண்ணத்தில் கொட்டாமல் தேங்காய்ச் சிரட்டைகளுக்குள் ஒளித்து வைப்பது. ரப்பர் தோட்டத்துக்காரர்கள் வீட்டில் சிரட்டைக்கா பஞ்சம்? ரப்பர் பால் படாத புதுச் சிரட்டைகளைக் கவிழ்த்து, சிலவற்றுக்கு அடியில் மட்டும் பத்துப் பதினைந்து மணி தீவனம். பூனை ஒரு நாளில் பல சின்ன இரையைத் தேடித் தின்னும்படி அமைந்த பிராணி. மூன்று நிமிஷத்தில் முடிகிற சாப்பாடு அதற்கு வயிற்றை நிரப்பும், பகலை நிரப்பாது. இரவு இருவரும் வந்ததும் கால்மணி நேரம் ஈர்க்கில் நுனியில் நூலால் கோழி இறகு கட்டி விளையாட்டு, முடிவில் ஒரு வாய் சாப்பாடு. விளையாடி முடித்ததும் அதை எடுத்து வைத்துவிட வேண்டும். நூலை விழுங்கினால் குடல் சுருண்டுவிடும்.

குப்பைமேனி வேரையும் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பூனைகளில் பல அதன் வாசனைக்குக் கிறங்கும். கழுவிய வேரைத் துணியில் கட்டி முகர மட்டும் விடலாம். மாளு முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. எல்லாப் பூனைக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லையே.

அம்மச்சியின் துணிகளையெல்லாம் துவைத்துப் பீரோவில் அடுக்கியிருந்தார்கள். அடியில் துவைக்காத பழைய முண்டு ஒன்று கிடைத்தது. அதை மாளு படுக்கும் பெட்டியில் விரித்தோம். கட்டிலுக்குப் பினாயிலுக்குப் பதில் நொதி கலந்த சுத்திகரிப்பான், கொஞ்ச காலத்துக்கு மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டுச் சும்மா பலகை.

மஸ்கட் அழைப்பு

அந்தி ஓலத்துக்குக் காரணம் வேறு என்று பின்னால்தான் தெரிந்தது. தினமும் ஏழரைக்கு வாட்ஸ்அப்பில் அம்மச்சி வருவார், ஸ்பீக்கரில். "மாளுவே, மாளுக்குட்டி" என்று அவர் கூப்பிட்டதும் பூனை போனுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும், பிறகு அவர் அறைக்கு ஓடும், கட்டிலுக்கு அடியில் தேடும், வெளியே வந்து ஓலமிடும். வீட்டில் எல்லோருக்கும் அது பாசமாகப் பட்டது. அம்மச்சி அங்கே அழுவார், இங்கே இவர்கள் அழுவார்கள்.

வளர்ப்பவரின் குரல் பூனைக்குத் தெரியும். குரல் வந்த இடத்தை வைத்து ஆள் எங்கே இருக்கிறார் என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறது என்பதையும் கியோட்டோ ஆய்வாளர்கள் 2021-ல் காட்டினார்கள். ஒரு இடத்தில் கேட்ட குரல் எதிர்பாராத இன்னொரு இடத்தில் கேட்டால் அது திடுக்கிடுகிறது. மாளுவின் கணக்கில் அம்மச்சி தினமும் வீட்டுக்கு வந்துவிட்டு, எங்கேயோ ஒளிந்துகொள்கிறார்.

ஸ்பீக்கரை அணைத்துக் காதில் ஹெட்செட் வைத்துப் பேசுங்கள் என்று சொன்னேன். அம்மச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்க பூச்சைகிட்ட நான் பேசக்கூடாதா?" என்று என்னிடமே கேட்டார். கடைசியில் ஒரு சமரசம். அம்மச்சி மாளுவைப் பார்க்கலாம், குரல் மட்டும் ஸ்பீக்கரில் வரக்கூடாது. மாளு சிரட்டை உருட்டுவதை அவர் அங்கிருந்து பார்த்துக்கொள்வார்.

போக்கு

மூத்திரம் இரண்டு வாரத்துக்குள் தட்டுக்குப் போனது. ஓலம் குறைந்தது, அறவே நிற்கவில்லை, மழை இருட்டும் மாலைகளில் இப்போதும் ஒன்றிரண்டு குரல் கொடுக்கிறது. முடி முளைக்கத்தான் நாளாயிற்று. ஆவணி கடைசியில் அடிவயிற்றில் பஞ்சு மாதிரி வந்திருந்தது. எடை 4.1 கிலோ. திரும்ப எடுத்த மூத்திரப் பரிசோதனையில் ரத்தம் இல்லை.

ஐப்பசியில் ஒரு சரிவு. பக்கத்து வீட்டு அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டார், ஒரு வாரம் கல்லில் யாரும் உட்காரவில்லை. மூன்றாவது நாள் கட்டில் பலகை நனைந்தது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மனைவி லீவு போட்டு அந்த வாரத்தின் மீதி நாட்களில் தானே மீன் அறுத்தார், நின்றுவிட்டது. என் நோயறிதலுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

கிறிஸ்துமஸுக்கு அம்மச்சி வருகிறார், மாசி வரை இருப்பார், மறுபடி மஸ்கட். வந்ததும் கல்லையும் கத்தியையும் முழுசாக அவரே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்: வாரத்தில் பாதி நாள் அக்கா, பாதி நாள் அம்மச்சி. சிரட்டையும் இறகும் விடாமல் நடக்க வேண்டும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் மாளுவை மூத்திரப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.